ஊசி ஏன் ஏறுகிறது என்று முதலில் பார்

அன்பு மகளுக்கு,

நேற்றுப் போனில் நீ சொன்னது விளங்கியது. மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வழியில் பஜேரோ ஜீப்பின் வெப்ப ஊசி மேலே ஏறிவிட்டது, ஓரமாக நிறுத்தி ஆறவிட்டாய், பிறகு கராஜில் காட்டினாய். "எங்களுடைய வெயிலுக்குத் தெர்மோஸ்ரற் தேவையில்லை, கழற்றி எறிந்துவிட்டு ஓடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்ய விடாதே. லைன் அடிக்கடி அறுந்ததால் சொல்லி முடிக்க முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

தெர்மோஸ்ரற் ஒரு சின்ன வால்வு. எஞ்சினில் உள்ள தண்ணீர் 80 பாகையை அண்டும்வரை, அதை ஆறவைக்கிற ரேடியேற்றருக்குப் போகிற வழியை மூடி வைத்திருக்கும், பிறகு திறக்கும். அது இல்லாவிட்டால் விடியப்புறம் எஞ்சின் சூடாக நெடுநேரம் எடுக்கும். குளிர்ந்த டீசல் எஞ்சின் புகை தள்ளும், டீசலும் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். அதைவிட எனக்கு வேறொரு பயம். ரேடியேற்றர் அடைபட்டிருந்தால், வால்வைக் கழற்றியதும் கொஞ்ச நாளைக்கு ஊசி கீழே நிற்கும். அடைப்பு அப்படியே இருக்கும், உனக்குத்தான் தெரியாமல் போகும். பிறகு ஒரு நாள் மத்தியான வெயிலில் பாரத்தோடு போகும்போது ஒரேயடியாகக் கொதிக்கும்.

அந்த வாகனத்தில் இருப்பது 4டி56 எஞ்சின். கீழே வார்ப்பிரும்பு, மேலே சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிடக் கூட விரியும். ஒருமுறை நன்றாகக் கொதித்தாலே ஹெட் வளையலாம், வெடிக்கலாம், இரண்டுக்கும் நடுவில் ஒழுகாமல் அடைத்து வைத்திருக்கிற கஸ்கட் போகலாம். பழைய பஜேரோ வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஹெட் வெடித்த கதை ஒன்று சொல்வார்கள். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனத்தின் விலையும் ஏறியது, சாமான்களின் விலையும் ஏறியது. ஒரு ஹெட் வாங்குகிற காசில் மற்ற எல்லா வேலையையும் செய்து முடிக்கலாம்.

சரி, இப்போது நீயே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். ஊசி எப்போது ஏறுகிறது என்று கவனி. முத்தையன்கட்டுப் பக்கம் கிரவல் ரோட்டில் ஊர்ந்து போகும்போது ஏறி, தார் ரோட்டில் வேகம் எடுத்ததும் இறங்கினால், விசிறி காற்றை இழுக்கவில்லை. வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேற்றர்தான் அடைபட்டிருக்கும். நீ சொன்னதைப் பார்த்தால் இரண்டாவதுதான். அதனால் ரேடியேற்றரில் இருந்து தொடங்கு.

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு பொனற்றைத் திறந்து, ஏசிக் கொண்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் நடுவில் டோர்ச் அடித்துப் பார். முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்குக் கொண்டென்சர் மட்டும்தான் தெரியும், அது துப்புரவாகவே இருக்கும். பின்னால் அந்த ஒடுங்கிய இடைவெளியில்தான் எல்லாம் போய் இருக்கிறது: அறுவடை நேரத்துச் சப்பி, வைக்கோல் தூள், புல் விதை, செத்த வண்டு, அதன்மேல் செம்மண் புழுதி. மழையில் நனைந்து காய்ந்து அது தடித்த துணிபோலப் படர்ந்துவிடும். விரலால் சுரண்டினால் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். எஞ்சின் பக்கம் இருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடி. சேர்விஸ் நிலையத்து வேகக் குழாய் வேண்டாம், அந்த மெல்லிய தகடுகள் மடங்கினால் பிறகு காற்றே போகாது. சாதாரணக் குழாயும் பழைய பல் பிரஷும் போதும். பொறுமையாக, கீழே தெளிந்த தண்ணீர் வரும்வரை செய்.

உள்ளே உள்ள அடைப்பு வேறு. முருங்கனில் எங்கள் கேத்தலின் அடியில் படிகிற வெள்ளையை நீ சின்ன வயதில் இருந்து பார்த்திருக்கிறாய். கிணற்றுத் தண்ணீரை விட்டால் ரேடியேற்றரின் குழாய்களிலும் அதே சுண்ணாம்புதான் படியும். தொண்ணூறுகளில் மல்லாவியில் இருந்தபோது, போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள், ரேடியேற்றருக்கு விடுகிற கூலன்ட் திரவம் எங்களுக்குக் கிடைத்ததில்லை. மோட்டார் சைக்கிளையே சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். அப்போதும் அப்பா மழைத் தண்ணீரைப் பிடித்து, துணியால் வடித்துத்தான் லொறிக்கு விடுவார். கிணற்று வாளியைக் கிட்டக் கொண்டுவர விடமாட்டார். இப்போது கடையில் எல்லாம் இருக்கிறது. கலந்து விற்கிற கூலன்ட் வாங்கு, இல்லாவிட்டால் கெட்டியானதை வாங்கி வடித்த நீருடன் பாதிக்குப் பாதி கலந்து விடு. பழையதை வளவில் ஊற்றாதே. இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

ரேடியேற்றர் மூடியின் ரப்பரையும் பார். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 115 பாகை தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. ரப்பர் வெடித்திருந்தால் புதிதாக ஒன்று போடு, பெரிய காசு இல்லை.

அப்புறம் அந்தத் தெர்மோஸ்ரற். கழற்று, ஆனால் எறிவதற்கு அல்ல. பழைய சட்டியில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டு. தண்ணீரில் கைவைக்க முடியாத சூடு வந்த பிறகு வால்வு மெல்ல மெல்ல விலகும். கொதி வந்தும் அது அசையாவிட்டால் பழுது, புதிதாக வாங்கு. ஒழுங்காகத் திறந்தால் கஸ்கட்டை மட்டும் மாற்றித் திரும்பப் பூட்டு.

விசிறியைத் தொட முன்னர் திறப்பை எடுத்து உன் பையில் போட்டுக்கொள். எஞ்சின் சூடாக இருக்கும்போது கையால் சுற்றினால் கனமாக இழுக்க வேண்டும். லேசாகச் சுழன்றுகொண்டே போனால் அதன் நடுவில் உள்ள பிசின் எண்ணெய் ஒழுகிவிட்டது.

ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதே, கட்டை வை. டைமிங் பெல்ற்றை நீ தொடவே வேண்டாம், அது வேலை தெரிந்த மெக்கானிக் பாஸ் செய்ய வேண்டியது. ஆனால் மாற்றும்போது உள்ளே இருக்கிற சின்ன பெல்ற்றையும் சேர்த்து மாற்றச் சொல். அது அறுந்து பெரியதில் சிக்கினால் எஞ்சின் போய்விடும்.

திரும்பவும் வழியில் ஊசி ஏறினால் ஏசியை நிறுத்து, ஹீட்டரை முழுதாகத் திற. வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை, அது எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் இழுத்து எடுக்கும். அப்படியே நிறுத்த இடம் பார். சூட்டோடு மூடியைத் திறக்காதே பிள்ளை, முகம் வெந்துவிடும்.

எல்லாம் பூட்டிய பிறகு, காலையில் குளிர்ந்த எஞ்சினை மூடி இல்லாமல் கிளப்பிப் பார். தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கஸ்கட்டில் பழுது. அப்படியென்றால் அதற்குமேல் ஓட்டாதே, எனக்கு எடு. குமிழி இல்லாவிட்டால் ஒட்டுசுட்டானில் இருந்து நெடுங்கேணி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஊசி எங்கே நின்றது என்று படம் எடுத்து அனுப்பு. அதுவரை வேலைக்கு பஸ்ஸில் போ.

அன்புடன்,
அம்மா