தெரிவு செய்த படம் எதுவென்று காட்டுங்கள்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

பயிரழிவு இழப்பீட்டுக்கான உங்கள் இணையப் படிவத்தில் பயிர்களைப் படங்களாகத் தந்திருக்கிறீர்கள். வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களை நினைத்துச் செய்த அந்த ஏற்பாட்டை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால், தெரிவு செய்த படம் எதுவென்று எல்லா உலாவிகளிலும் தெரியச் செய்யுங்கள் என்று முன்னரும் கேட்டிருந்தோம். மாற்றம் எதையும் காணவில்லை.

புதுக்குடியிருப்பில் நான் பணிபுரியும் தொடர்பாடல் நிலையத்தில் விண்டோஸ் 7 கணினிதான் இருக்கிறது. வெள்ளத்தில் கச்சானைப் பறிகொடுத்த ஓர் அம்மா அண்மையில் அங்கு வந்து, கச்சான் படத்தைத் தன் கையாலேயே அழுத்தினார். படத்தைச் சுற்றி வரவேண்டிய பச்சைக்கோடு வரவில்லை. அழுத்துப்படவில்லையாக்கும் என்று பக்கத்திலிருந்த படத்தையும் அழுத்திப் பார்த்தார். அதிலும் கோடு இல்லை. விண்ணப்பத்தை அனுப்பிய பின் திரையில் வந்த பதிவில் பயிர் 'கௌபி' என்றிருந்தது. திருத்துவதானால் நேரில் வரவேண்டும் என்று உங்கள் அலுவலகம் சொல்லிவிட்டது. விளைச்சலையே இழந்து நிற்பவர் பேருந்துக் காசுக்கு எங்கே போவார்?

காரணம் மறைவானதல்ல. பலவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்ய உதவும் ரேடியோ பொத்தானின் வட்டத்தை 'டிஸ்பிளே நன்' என்ற கட்டளையால் முற்றாக மறைத்துவிட்டு, பச்சைக்கோட்டை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் 'ஹேஸ்' என்ற விதியிடம் மட்டும் ஒப்படைத்திருக்கிறீர்கள். எங்கள் கணினியிலுள்ள பயர்பொக்ஸ் உலாவி அந்த விதியை இயல்பாக ஏற்றது 2023 டிசம்பரில் வந்த 121ஆம் பதிப்பிலிருந்துதான். விண்டோஸ் 7 கணினியிலோ 115ஆம் பதிப்புக்கு மேல் ஏறாது. எத்தனை முறை அழுத்தினாலும் அந்தத் திரையில் கோடு வராது. வட்டமும் இல்லாததால், கடைசியாகக் கைபட்ட படமே சத்தமின்றிப் பதிவாகிறது. மறைத்த பொத்தானை விசைப்பலகையின் டாப் விசையாலும் அடைய முடியாது. இணைப்பு மந்தமாகிப் படம் இறங்காதபோது, மாற்று எழுத்தும் இல்லாத வெற்றுக் கட்டங்களே எஞ்சுகின்றன.

பொத்தானை, படத்தைத் தாங்கும் 'லேபல்' என்ற பகுதிக்குச் சற்று முன்னே வைத்து, தெரிவான பொத்தானை இனங்காணும் 'செக்ட்' விதியால் அடுத்துள்ள லேபலுக்குக் கோடு போட்டால், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 9 கூட அதைக் காட்டும். அதைவிட, வட்டத்தை மறைக்காமல் விடுவதே எங்களுக்குப் போதும். அழகு குறைந்தாலும் பரவாயில்லை. புதிய கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வன்னிக்கு அனுப்பிவிடும் வழக்கம் இந்தப் படிவத்தோடு தொடங்கியதல்ல என்பதையும் வருத்தத்துடன் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

ஆகவே, தெரிவு செய்த படம் எல்லா உலாவிகளிலும் தெரியும்படி படிவத்தைத் திருத்துமாறும், ஏற்கனவே பயிர் மாறிப் பதிவான விண்ணப்பங்களை அந்தந்தக் கமநல சேவை நிலையத்திலேயே திருத்த அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்களுக்கு உதவும் ஒரு பணியாளர்,
புதுக்குடியிருப்பு