படகின் உள்கூட்டை வெட்டுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடியக்கரையில் சீசன் முடிந்து படகுகள் கரையேறும் நேரத்தில், பழைய ஃபைபர் படகுகளைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் நாளிதழ் எழுதியிருந்தது நல்ல காரியம். ஆனால் அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. உளுத்துப்போன குறுக்குப் பலகை, நீளச் சட்டம், தளம் எல்லாவற்றையும் முதலில் மொத்தமாக வெட்டியெடுத்துவிட்டு, வெறும் ஓடாக நிற்கும் படகைச் சுத்தம் செய்து, அப்புறம் புதிதாகக் கட்டலாம் என்று இருந்தது. தயவுசெய்து யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். நான் செய்திருக்கிறேன். அதனால் ஒரு குடும்பத்தின் மூன்று மாதப் பிழைப்பு போனது.

வேதாரண்யம் பக்கத்தில் ஃபைபர் படகு பழுதுபார்ப்பதுதான் என் தொழில். 2004 சுனாமிக்குப் பிறகு ஊருக்கு ஊர் படகுப் பட்டறைகள் முளைத்தபோது அதில் ஒன்றில் மேட் (கண்ணாடி இழை விரிப்பு) வெட்டிக் கொடுக்கிற ஆளாகச் சேர்ந்தேன். ரெசின் (இழையை ஒட்டி இறுகும் பசை) கலப்பது, ரோலர் உருட்டுவது, மோல்டிலிருந்து, அதாவது அச்சிலிருந்து, படகைக் கழற்றுவது எல்லாம் அங்கே பழகியதுதான். புதுப் படகு கட்டுவதில் உருவம் கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கவலையே கிடையாது. மோல்டு பிடித்து வைத்திருக்கும். பழைய படகுக்கு மோல்டு கிடையாது என்பது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. எங்கள் கரையில் படகுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. சிலவற்றுக்குள் கடல் சேறு தளும்பத் தளும்ப நின்றது. பகுதிச் சேதம் என்று எழுதப்பட்ட படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பட்டறைக்கு வந்தன. சீசன் பாதியில் போய்விட்டதே என்று எல்லோருக்கும் அவசரம். அப்படி வந்தது ஒரு 28 அடிப் படகு. வெளியே பெரிய ஓட்டை எதுவும் இல்லை. உள்ளே மூன்று குறுக்குப் பலகைகள் பிய்ந்திருந்தன, நீளச் சட்டத்துக்குள் இருந்த மரம் ஈரம் குடித்து மாவாகியிருந்தது.

படகை மணலில் நாலு லாரி டயர்மேல் தூக்கி வைத்தோம். இரண்டே நாளில் கிரைண்டரால் உள்ளே இருந்த அத்தனையையும் அறுத்தெடுத்தோம். காலியான படகைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது, அவ்வளவு சுத்தம். பிளைவுட் வர பத்து நாள் தாமதம். அந்தப் பத்து நாளும் படகு டயர்மேல் கிடந்தது. பலகை வந்ததும் பழைய அளவுக்கு வெட்டி வைத்தால் இரண்டு பக்கமும் இடைவெளி. பழைய அளவைத்தான் தப்பாக எடுத்துவிட்டோம் என்று நினைத்து, புதிய பலகையை இரண்டு அங்குலம் நீட்டி வெட்டி, அடித்துச் சொருகி, மேட் போட்டு மூடினோம்.

படகு கடலுக்குப் போன முதல் நாளே படகுக்காரத் தம்பி வந்து நின்றார். "அண்ணே, இடப்பக்கம் இழுக்குது. கையை விட்டா சுத்துது." இன்ஜினைச் சரிபார்த்தோம், சாஃப்டைச் சரிபார்த்தோம். இரண்டு மாதத்தில் நடுப்பலகை முட்டுகிற இடத்தில், வெளியே ஜெல்கோட்டில் (மேல்பூச்சில்) மயிரிழைபோல ஒரு கீறல் வந்தது. விரலால் தடவினால்தான் தெரியும். மறுவாரம் அதற்குள் தண்ணீர் போக ஆரம்பித்தது. படகைத் திரும்பக் கரையேற்றி, அணியத்தின் (முன்முனையின்) நடுவிலிருந்து, பின்முனையை மூடும் பின்பலகையின் இரண்டு மூலைக்கும் கயிறு பிடித்து அளந்தேன். ஒன்றுக்கொன்று ஒன்றரை அங்குலம் வித்தியாசம். படகு முறுக்கிக்கொண்டிருந்தது. முறுக்கிய உருவத்திலேயே நான்தான் அதைப் பூட்டி வைத்திருந்தேன். என் செலவில் எல்லாவற்றையும் மறுபடி பிரித்துக் கட்டினேன். அதுவரை அந்தத் தம்பி வேறொருவர் படகில் பங்குக்கு வேலை செய்யும் ஆளாகப் போனார்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை நம் ஆட்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ஃபைபர் கெட்டியானதுதான், ஆனால் நம் படகுகளின் ஓடு கால் அங்குலம் முன்னே பின்னே. தனியாக நின்று தன் உருவத்தைத் தாங்குகிற கனம் அதற்கு இல்லை. பனையோலைப் பெட்டியின் வாயைச் சுற்றிக் கட்டிய பட்டையை அவிழ்த்தால் பெட்டி எப்படித் தொளதொளவென்று ஆகுமோ, அப்படித்தான் இதுவும். குறுக்குப் பலகைதான் இரண்டு விளிம்பையும் பிடித்திருக்கிறது, நீளச் சட்டம்தான் அடியைத் தொய்யவிடாமல் வைத்திருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் வாய் விரியும், அடி தாழும், ஒரு பக்கத் தாங்கல் கொஞ்சம் அமுங்கினாலும் மொத்தப் படகும் அந்தப் பக்கம் திரும்பும். அதோடு நாம் வேலை செய்வது பங்குனி, சித்திரை, கத்திரி வெயிலில். நீலப் பெயின்ட் அடித்த படகின்மேல் மத்தியானம் கை வைக்க முடியாது. சூட்டில் ஃபைபரின் விறைப்பு குறையும், தன் கனத்துக்குத் தானே இசைந்து கொடுக்கும்.

இப்போது நான் கிரைண்டரைத் தொடுவதற்கு முன் ஒரு முழு நாளை அளவெடுக்கவே ஒதுக்குகிறேன். அணியத்திலிருந்து பின்பலகை நடுவுக்கு நைலான் கயிற்றை விறைப்பாகக் கட்டி, மூன்று அடிக்கு ஒரு குறி போடுவேன். ஒவ்வொரு குறியிலும் விளிம்புக்கு விளிம்பு அகலம், கயிற்றிலிருந்து ஏரா (படகின் அடி நடுத்தண்டு) வரை ஆழம். அப்புறம் மூலைக்கு மூலை. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் இரண்டு பக்க விளிம்பும் ஒரே மட்டமா என்று பார்ப்பேன். எல்லாம் நோட்டில் ஏறும்.

படகு ஏற்கெனவே கோணியிருந்தால் அதன் அளவை நம்ப முடியாதே என்று கேட்கலாம். சரியான கேள்வி. நமக்கு ஒரு வசதி இருக்கிறது: ஒரே மோல்டிலிருந்து பல படகுகள் இறங்கியிருக்கின்றன. கரையில் அதே மோல்டில் வந்த, நல்ல நிலையில் உள்ள படகைத் தேடிப் பிடித்து, அதன் வெளிப்பக்கத்தில் மூன்று இடத்தில் மெல்லிய பிளைவுட்டை வைத்து வளைவை வரைந்து வெட்டிக்கொள்வேன். அந்த வெட்டுப் பலகையை நம் படகில் அதே இடத்தில் வைத்தால் எங்கே உப்பியிருக்கிறது, எங்கே உள்வாங்கியிருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

டயர் வேண்டவே வேண்டாம். ஏராவுக்கு அடியில் மூன்று நான்கு அடிக்கு ஒரு மரக்கட்டை, எல்லாம் ஒரே நேர்கோட்டில். பக்கவாட்டில் சாக்கு சுற்றிய தாங்குகட்டைகள், ஆப்பு வைத்து மெதுவாக இறுக்கியது. தாங்குகட்டையை உள்ளே பலகையோ சட்டமோ இருக்கிற இடத்துக்கு நேராகத்தான் கொடுக்க வேண்டும். வெறும் ஓட்டில் கொடுத்தால் அந்த இடம் உள்ளே குழிந்து, அப்படியே நின்றுவிடும். கோணிய படகை நேராக்குவதும் இந்த ஆப்பால்தான். வாய் விரிந்திருந்தால் விளிம்புக்கு விளிம்பு இரட்டைக் கயிறு கட்டி, நடுவில் கம்பு சொருகி முறுக்குவேன். ஒரு நாளைக்குக் கால் அங்குலம், அதற்குமேல் அவசரப்படுவதில்லை. அவசரப்பட்டால் எங்காவது விரிசல் விடும்.

உருவம் சரியானதும் பூட்ட வேண்டும். இரண்டுக்கு மூன்று அங்குலச் சட்டத்தை ஒவ்வொரு குறியிலும் விளிம்புக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் விளிம்புக்கு உள்ளே ஒரு கட்டை, வெளியே ஒரு கட்டை. அப்போது வாய் விரியவும் முடியாது, குறுகவும் முடியாது. மூலைக்கு மூலையாக ஒரு நீளச் சட்டம் சேர்த்தால் முறுக்கு விழாது. இதற்குப் பிறகுதான் முதல் வெட்டு. அதுவும் ஒரு பலகையை எடுத்து, புதியதைக் கட்டி, அது நன்றாக இறுகிய பிறகே அடுத்ததைத் தொடுவது. நாள் கூடத்தான் ஆகும்.

பின்பலகைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். போல்ட் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே பிளைவுட் அழுகுவதுதான் அங்கே எப்போதும் நடக்கிறது. வெளித்தோலை அறுக்காமல் உள்ளிருந்து மட்டும் அழுகலைத் தோண்டியெடுங்கள். வெளியே நேரான இரும்பு ஆங்கிள் இரண்டை வைத்து, புதிய பிளைவுட்டோடு சேர்த்துக் கிளாம்ப் போட்டால் தோல் வளையாது. பக்கச் சட்டங்களையும் அதே நேரத்தில் அவிழ்த்து வைக்காதீர்கள்.

புதிய பலகையை ஓட்டில் முட்டும்படி வெட்டக்கூடாது. என் படகில் கீறல் விழுந்தது அதனால்தான். முனையில் கால் அங்குலம் விட்டு, ரெசினில் பவுடர் குழைத்த மாவை அந்த இடைவெளியில் நிரப்பி, மூலையை விரலால் வழித்து வளைவாக்கி, அதன்மேல் மேட் ஏற்ற வேண்டும். பழைய ஃபைபரில் ஒட்டுகிற இடத்தைத் தேய்ப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஓடு கிழிந்த இடத்தை ஒட்டுவதானால் தடிமனைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவு கொடுக்க வேண்டும், அதாவது கால் அங்குல ஓட்டுக்கு மூன்று அங்குலம். ஈரம் இருந்தால் பிடிக்காது, நன்றாகக் காயவிடுங்கள்.

ரெசின் இறுகும்போது சுருங்கும். ஐந்தாறு அடுக்கை ஒரே மூச்சில் ஏற்றினால் சூடேறி, சுருங்கி, அதுவே படகை இழுத்துக் கோணலாக்கும். இரண்டு மூன்று அடுக்கு, ஆறவிட்டு அடுத்தது, இடப்பக்கம் கொஞ்சம் வலப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் வேலை செய்தால் போதும். (சின்னப் பையன்கள் வேலை பழகும் பட்டறைகளுக்கு ஒரு வார்த்தை: ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்க்காதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். தேய்க்கும்போது முகத்துக்கு மாஸ்க் இல்லாமல் நிற்கவிடாதீர்கள்.) கடைசி அடுக்கு முடிந்த பிறகும் நான் ஒரு வாரம் குறுக்குச் சட்டங்களைக் கழற்றுவதில்லை.

இவ்வளவும் செய்ய ஒரு சமதளமும் ஒரு நிழலும் வேண்டும். மணலில் எத்தனை கட்டை வைத்தாலும் ஒரு மழைக்குத் தாழ்ந்துவிடும். மீன் இறங்குதளங்களில் வலைப் பின்னும் கூடம் கட்டித் தருகிறார்கள், ஏலக்கூடம் கட்டித் தருகிறார்கள். அதோடு, மட்டமான சிமென்ட் தரையும் மேலே கூரையுமாக, இரண்டு படகு நிற்கிற அளவுக்கு ஒரு கூடம் கட்டித் தர மீன்வளத் துறையைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நாகப்பட்டினத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சீசன் முடிந்த மாதங்களில் பட்டறை ஆட்களுக்கு நாலைந்து நாள் பயிற்சி வைத்தால், கூலியை விட்டுவிட்டு நான் முதல் ஆளாக வந்து உட்காருவேன்.

நல்ல படகுகளிலிருந்து எடுத்த வெட்டுப் பலகைகள் பதினொரு செட் என் பட்டறைக் கூரையில் தொங்குகின்றன. எந்த மோல்டு, எத்தனை அடி என்று ஒவ்வொன்றிலும் மார்க்கரால் எழுதியிருக்கிறேன். அதே மோல்டில் படகு வைத்திருக்கிறவர்கள் யார் வந்தாலும் படியெடுத்துக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
ஃபைபர் படகு பழுதுபார்க்கும் தொழிலாளி,
வேதாரண்யம்