கில்பெக் கோயிலைப் பற்றி ஒரு தமிழ்ப் புத்தகம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

இங்கிலாந்தின் ஹெரஃபோர்டுஷயரில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் கில்பெக் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள புனித மரியாள், புனித டேவிட் பங்குக்கோயில் 1140 வாக்கில் எழுந்தது. மேற்கே நார்மானியர் கோட்டை இருந்த மண்மேடு இன்னும் நிற்கிறது. மக்கள் கூடும் கூடம், அதற்கடுத்துக் குருவானவர் பகுதி, கடைசியில் அரைவட்டமான ஒரு சிறு பகுதி. இந்த மூன்றும்தான் கோயில். சின்னதுதான்.

ஆனால் தெற்கு வாசலுக்கு முன்னால் போய் நின்றால் நேரம் போவதே தெரியாது. கதவுக்கு மேலே அரைவட்டக் கல்லில் ஒரு வாழ்வின் மரம். பக்கத்துத் தூணில் கூர்நுனித் தொப்பி போட்ட இரண்டு வீரர்கள் கொடிகளுக்குள் சிக்கி நிற்கிறார்கள். சிவப்பு மணற்கல்லில் செதுக்கிய அந்தக் கொடியின் ஒவ்வொரு வளைவும் கிட்டத்தட்ட 900 ஆண்டு மழைக்குப் பிறகும் கூர்மை குறையாமல் இருக்கிறது. உள்ளே, கூடத்திலிருந்து குருவானவர் பகுதிக்குப் போகும் வாசல் வளைவின் இரு பக்கமும் மும்மூன்று புனிதர்கள் ஒருவர்மேல் ஒருவராக நிற்கிறார்கள். சாவி வைத்திருப்பவர் பேதுரு.

எங்களை இந்த வேலையில் இறக்கியது கூரை விளிம்பைத் தாங்கும் கற்கள். 85 மிஞ்சியிருக்கின்றன. சிலுவை ஏந்திய ஆட்டுக்குட்டி ஒன்றில். அருகருகே ஒட்டி உட்கார்ந்த நாயும் முயலும் இன்னொன்றில். அந்த முயலைப் பார்த்துச் சிரிக்காத குழந்தையை நாங்கள் பார்த்ததில்லை. பெயர் தெரியாத அந்தச் சிற்பிகள் பயமுறுத்தவும் தெரிந்தவர்கள், விளையாடவும் தெரிந்தவர்கள்.

இந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தமிழில் விளக்கும் படப் புத்தகம் ஒன்றைத் தயாரிக்கிறோம். கூரை நிழலில் புகைப்படம் சரியாக வருவதில்லை. அதனால் 85 கற்களையும் கோட்டோவியமாக வரைய வேண்டும். எழுதுகிறவர்களுக்குக் கூலி கிடையாது. ஓவியருக்கு உண்டு, அது நியாயம். அப்புறம் 500 பிரதிகளுக்கான அச்சுச் செலவு. அதில் ஒரு பங்கு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உள்ள நூலகங்களுக்கு இலவசமாகப் போகும்.

10 பவுண்டு தந்தால் ஒரு கல்லின் ஓவியத்துக்கு உதவியாக இருக்கும். குறைவாகத் தந்தாலும் மகிழ்ச்சியே. இங்கிலாந்துப் பங்குக்கோயில்களின் பழுதுபார்ப்புச் செலவு பெரும்பாலும் அந்தந்த ஊர் மக்கள் தலையில்தான் விழுகிறது. ஆகவே புத்தகம் போக மீதமாகும் தொகை முழுவதையும் கில்பெக் கோயில் உண்டியலில் சேர்ப்போம். வரவு செலவுக் கணக்கு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகும்.

பணத்தை நம் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஓவியருடன் அடுத்த முறை கில்பெக் போகும்போது கூட வர விரும்புகிறவர்களும் சொல்லுங்கள், வண்டியில் இடம் இருக்கிறது.

அன்புடன்,
புத்தகக் குழுவினர்