'ரிவர்ட் பேக்' வேண்டாமே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலகத்தில் 31 ஆண்டுகள் ஆங்கிலக் கடிதம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவன் நான். போன வாரம் என் பேத்தி, நேர்முகத் தேர்வு குறித்து ஒரு நிறுவனத்துக்கு அனுப்பவிருந்த மின்னஞ்சலைக் காட்டினாள். தொடக்கத்தில் 'ரெஸ்பெக்டட் சார்'; நடுவில் 'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்', 'ரிவர்ட் பேக்'. எல்லாம் எங்கள் தலைமுறை பழக்கிவிட்டதுதான்!

'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. நம் அலுவலகங்களில் அது 'பதில்' ஆகிவிட்டது. 'நீட்ஃபுல்', அதாவது 'ஆவன செய்யவும்' என்று மூடி மறைக்காமல், என்ன வேண்டுமோ அதையே எழுதச் சொன்னேன்: 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கன்ஃபர்ம் த இன்டர்வியூ டேட்.' "இவ்வளவு பணிவு வேணுமா தாத்தா?" என்றாள். வேண்டும்.

'டியர் சார்' என்றால் முடிவில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி'; பெயர் சொல்லித் தொடங்கினால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. பிரிட்டிஷ் முறை இது. தட்டச்சு வகுப்பில் இதைத் தவறவிட்டால் வாத்தியார் தாளையே உருவிவிடுவார்.

பிள்ளைகளோ 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' விடுப்புக் கடிதத்தோடு நிற்கிறார்கள். தங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு மின்னஞ்சலைத் திருத்திக் காட்டுங்களேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தட்டச்சர், ஸ்ரீரங்கம்