பனிச்சறுக்கு: முதலில் நிற்கப் பழகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பனிமலைச் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தால், சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிய மறுநிமிஷமே மனசு லேசாகிவிடும் என்று தோன்றும். லேசாவது உண்மைதான். ஆனால் அது மூன்றாம் நாள் நடக்கிற காரியம். முதல் நாளே முழங்கால் போய்விட்டால் மூன்றாம் நாள் ஏது? 'வெயிலூர்' என்று கேலிக்கு ஆளான நம் வேலூரிலிருந்தும் காஷ்மீரின் குல்மார்க்குக்கும் உத்தராகண்டின் ஔலிக்கும் ஆட்கள் கிளம்புவதால், கட்டுரையில் விடுபட்டதைச் சொல்கிறோம்.

அரையாண்டு விடுமுறைக்கு டிக்கெட் எடுப்பதுதான் முதல் தப்பு. டிசம்பர் கடைசியில் ஔலிச் சரிவில் போதிய பனி இருக்கும் என்று நம்ப முடியாது. ஜனவரி பிற்பாதியும் பிப்ரவரியும் தோது. காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் புது தில்லி. அங்கிருந்து ரிஷிகேஷ் போய், ஜோஷிமட்டுக்கு மலைப்பாதையில் சுமார் 250 கிலோமீட்டர். ஒரு முழுப் பகல் பிடிக்கும். ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்கு ரோப்காரை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அதை நிறுத்தினார்கள். சாலை இருக்கிறது. ஒரு மணி நேர வாடகைப் பலகையில் ஒன்றும் வராது. ஏழு நாள் பயிற்சியில் சேருவதே பணத்துக்கு நியாயம்.

பூட்ஸில்தான் பாதி வித்தை. குளிருமே என்று நம்மவர்கள் இரண்டு மூன்று காலுறை போடுவார்கள். கால் விறைப்பதே அதனால்தான்; மடிப்பு அழுத்தி ரத்த ஓட்டம் குறைந்துவிடும். முழங்கால்வரை வரும் கம்பளிக் காலுறை ஒன்று போதும். பேன்ட் விளிம்பை உள்ளே திணிக்கக் கூடாது. நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். அப்போது குதிகால் எழும்பினால் அந்த ஜோடி வேண்டாம்.

பலகை மோவாய் உயரத்துக்கு மேல் வேண்டாம். பூட்ஸைப் பிடிக்கிற பைண்டிங்கில், சின்னஞ்சிறு சன்னலுக்குள் ஓர் எண் தெரியும். விழும்போது எவ்வளவு விசையில் கால் கழன்று வர வேண்டும் என்பது அந்த எண்ணில் இருக்கிறது. எடை, உயரம், வயது, பழக்கம், பூட்ஸ் அடியின் நீளம் எல்லாம் பார்த்து வைக்க வேண்டியது. வாடகைக் கடையில் கூட்டம் நெரிந்தால், முந்தின ஆளின் 90 கிலோவுக்கு வைத்த எண்ணோடே 55 கிலோ ஆளுக்கும் மாட்டிவிடுவார்கள். பலகை கழலாது, முழங்கால் தசைநார்தான் கிழியும். சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். மாட்டுமுன் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியையும் கையில் பிடிக்கிற சறுக்குக் கோலின் நுனியால் சுரண்டிவிடுங்கள். துளி ஐஸ் கட்டி இருந்தாலும் பூட்டு சரியாக விழாது.

பருத்தி பனியன் வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் முதுகைச் சில்லிட வைக்கும். வெயில் நமக்குத் தெரியாததா என்ற எண்ணமும் ஆகாது. புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மோவாய்க்கு அடியில்கூடத் தோல் வெந்துவிடும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு பகல் நின்றால், ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல உறுத்தும்.

சரிவில் ஓர் எலுமிச்சம்பழத்தை விட்டால் அது உருளுகிற வழி ஒன்று உண்டு. பலகையை அதற்குக் குறுக்கே வைத்தால் நிற்கும், நேரே வைத்தால் ஓடும். முதல் பாடம் 'ஏர்க்கலப்பை' என்கிற நிலை: முன்முனைகள் நாலு விரல் இடைவெளியில் நெருங்கி, வால்கள் விரிந்து, உள்விளிம்பு பனியைச் சீவிக்கொண்டே போக வேண்டும். விரித்து அழுத்தினால் வேகம் குறையும். இடப்பக்கம் திரும்ப வலக்காலை அழுத்த வேண்டும்.

பள்ளத்தைப் பார்த்ததும் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அங்கேதான் எல்லாரும் விழுகிறோம். பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதியில் பாரம் இல்லை. பாரம் இல்லாவிட்டால் விளிம்பு பிடிக்காது, திரும்ப முடியாது, வேகம் ஏறிக்கொண்டே போகும். பயந்தவனுக்குத்தான் வேகம் அதிகம். முழங்காலை மடக்கி, முன்னங்கால் எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்துகிற மாதிரி, நெஞ்சைப் பள்ளத்துப் பக்கம் கொடுத்தால் பலகை சொன்னபடி கேட்கும். இதைத் தலையில் ஏற்ற அரை மணி போதும், உடம்பில் ஏற்ற இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் ஆபீசில் பத்துப் பேரை மேய்க்கிறவர் மல்லாந்து கிடப்பார். உள்ளூர்ப் பொடியன் ஒருவன் கோல்கூட இல்லாமல் சுற்றிக்கொண்டு போவான். கௌரவம் பார்க்கிறவர் ஊருக்குத் திரும்பிவிடலாம்.

விழப்போவது நிச்சயமானால் பக்கவாட்டில் விழுங்கள். சறுக்கிக்கொண்டிருக்கும்போது எழப் பார்க்கக் கூடாது. முழங்கால் முறுக்கிக்கொள்வது அப்போதுதான். சறுக்கல் நின்றபின் பலகையைச் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து எழ வேண்டும்.

மூன்றாம் நாள் காலை பனி கல்கண்டுத் தூளாக இறுகியிருக்கும் (மதியத்துக்கு மேல் கேழ்வரகுக் களிதான், கால் சிக்கும்). சரக்கென்று விளிம்பு சீவுகிற சத்தம், வலக்கால், இடக்கால். வேறு நினைப்புக்கு இடமே இல்லை. வீட்டுக்கடன் தவணை எங்கே போனதென்று தெரியாது. நின்று மூச்சு வாங்கினால் எதிரே நந்தா தேவி சிகரம், 7,816 மீட்டர். கட்டுரை சொன்ன சந்தோஷம் இதுதான்.

குல்மார்க்கின் ரோப்காரான கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 4,000 மீட்டருக்குக் கொண்டுபோகும். சுமார் 220 மீட்டரில் இருக்கும் வேலூர்க்காரர் வந்த அன்றே அங்கே ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். புதியவருக்கு அங்கே வேலையும் இல்லை. 2023 பிப்ரவரியில் அந்த அபர்வத் மலையில் பனிச்சரிவு போலந்து நாட்டவர் இருவரைக் கொன்றது. அவர்கள் சறுக்கத் தெரிந்தவர்கள்.

கிளம்ப ஆறு வாரம் முன்பே தொடையைத் தயார்செய்யுங்கள். சுவரில் முதுகை ஒட்டி, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருங்கள். 30 விநாடியில் தொடங்கி 2 நிமிஷம் வரை. வாரம் ஒருநாள் சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படி. ஏறுவதற்கு வேண்டுமானால் ரோப்காரில் போங்கள். இறங்குவது படியில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
பனிச்சறுக்கு பழகும் சிலர்,
சத்துவாச்சாரி, வேலூர்.