கொர்ருன்னு இழுத்தா அது மூச்சு இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல ஒரு பெரியவர் பொத்துன்னு விழுந்துட்டாரு, கூட்டம் கூடிடுச்சு, ஒருத்தர் சோடா தெளிக்கிறாரு, இன்னொருத்தர் வலிப்புன்னு நெனச்சு கையில சாவிக்கொத்த திணிக்கிறாரு (வலிப்புக்கே அது உதவாது, அது வேற கதை). அப்பப்ப வாயத் தொறந்து கொர்ருன்னு இழுத்தாரா, "மூச்சு இருக்குப்பா"ன்னு எல்லாரும் ஒதுங்கி நின்னுட்டாங்க. அது மூச்சே இல்ல சார், இதயம் நின்னதுக்கப்புறமும் கொஞ்ச நேரம் அப்படி இழுக்கும். தோளத் தட்டிக் கூப்பிட்டா அசைவு இல்ல, நெஞ்சு சீரா ஏறி இறங்கல, அவ்ளோதான், 10 செகண்டுக்கு மேல பாத்துட்டு நிக்காம 108க்கு அடிச்சு ஸ்பீக்கர்ல போட்டுட்டு நடுநெஞ்சுல சிபிஆர் (நெஞ்ச அமுக்கி அமுக்கி விடுற முதலுதவி) ஆரம்பிச்சிடணும், நிமிஷத்துக்கு 100லேருந்து 120 தடவை, 5 சென்டிமீட்டராவது உள்ள போற மாதிரி. நாடி பாக்குறதெல்லாம் நமக்கு வேணாம், பதட்டத்துல நம்ம நாடிதான் விரல்ல தெரியும். விலா எலும்பு உடைஞ்சிடுமோன்னு தயங்குறாங்க, உடைஞ்சா ஒட்டிக்கும். ஆனா மயக்கமா இருந்தாலும் சீரா மூச்சு விடுறவர அமுக்காதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க போதும்.

இத படத்தோட ஒரு பெட்டிச் செய்தியா போட்டீங்கன்னா வெட்டி எங்க தெரு டீக்கடைல ஒட்டிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்