அந்தக் கணவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உறுப்பு தானம் குறித்த உங்கள் தலையங்கத்தில் பணம், காத்திருப்புப் பட்டியல், சிறு ஊர்களில் வசதி இல்லாதது எல்லாம் வந்திருந்தன. வீட்டுக்குள் நடப்பது வரவில்லை. ஆறு வருடமாக என் மனைவி கொடுத்த கிட்னியில் நடமாடிக்கொண்டிருப்பவன் என்பதால் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றரை வருடம், வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அடுத்த கட்டிலில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டில் சமைத்து வைத்துவிட்டு முதல் பஸ் பிடித்துத் தனியாக வருவார். நான்கு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு, ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடியே மறுபடியும் பஸ். எங்களைப் போன்ற ஆண்களின் கட்டிலருகே மனைவியோ அம்மாவோ டிபன் டப்பாவுடன் உட்கார்ந்திருப்பார்கள். "வீட்டில் யாராவது தருவார்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு அந்தப் பெண், "அவரு வேலைக்குப் போறவரு சார்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. என் மனைவியும்தான் வேலைக்குப் போனாள், பனியன் கம்பெனியில் டைலர். எங்கள் வீட்டில் அது ஒரு காரணமாக யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

1995 முதல் 2021 வரை நாட்டில் நடந்த 36,640 உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளில் பெண்களுக்குக் கிடைத்தவை 6,945. ஐந்தில் ஒன்றுகூட இல்லை. உயிரோடு இருந்து கொடுப்பவர்களில் பெண்களே பெரும்பான்மை.

பிள்ளை பெற்றவர்கள் உடம்பில் கணவரின் உறுப்பை எதிர்க்கும் ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம், அதனால் சேராமல் போகலாம் என்கிறார்கள் டாக்டர்கள். சரி. சேரவில்லை என்று தெரியவாவது கணவர் ஒரு டியூப் ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டுமே? அப்படியே சேராவிட்டாலும், இதே நிலையில் உள்ள இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக்கொள்ள 2011ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இடம் கொடுக்கிறது.

மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருக்கும் பெண்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்கும்படி 2025 ஆகஸ்டில் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு மாநிலங்களுக்கு எழுதியது. நல்ல விஷயம். ஆனால் முதலில் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். அதற்கான டெஸ்ட்டுகளுக்கு அலையக் கூட ஓர் ஆள் வேண்டும். முதல் பஸ்ஸில் தனியாக வருகிறவருக்கு யார் இருக்கிறார்கள்?

ஆபரேஷனுக்கு முன் என் மனைவியைத் தனியாக உட்கார வைத்து, வீடியோ எடுத்துக்கொண்டே, "யாரும் வற்புறுத்தலையே, மனசாரத்தானே தர்றீங்க?" என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். பக்கத்துக் கட்டில் பெண்ணின் கணவரை மட்டும் கடைசிவரை யாரும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. டயாலிசிஸ் தொடங்கும் வாரமே, நோயாளி ஆணோ பெண்ணோ, வீட்டில் கொடுக்கும் வயதில் உள்ள எல்லோரையும் வரவழைத்துப் பேசுவதை எல்லா மருத்துவமனைகளுக்கும் கட்டாயமாக்கலாம். மறுப்பவர் மறுக்கட்டும், அது அவர் உரிமை. ஆனால் அதை அவர் வாயால் சொல்லட்டும்.

- பெயர் வெளியிட வேண்டாம்,
திருப்பூர்